வாராவாரம் பூஜ்யம்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் போட்டிருக்கிறது. ஆலைக் கழிவு ஏரியில் கலந்ததிலிருந்து, ஒன்பது வருஷமாக, வாரம் ஒருமுறை ஏரித் தண்ணீரில் உயிர் ஏதும் உண்டா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோட்டில் பூஜ்யம் எழுதுவது அவள் வேலை. தண்ணீர் மொண்டு வந்தவர், முன்பு அதே ஏரியில் மீன் பிடித்தவர், வாசற்படியில் கேனைக் கவிழ்த்து வடியவிடுகிறார். "ஏதாச்சும் இருக்காம்மா?" "இல்லண்ணே." வாய் சொல்லிவிட்டது, கையும் பூஜ்யத்தைப் போட்டுவிட்டது. அப்புறம்தான் கண் பார்க்கிறது. கடுகில் பாதிகூட இல்லாத தண்ணீர்த் தெள்ளுப்பூச்சி ஒன்று வெளிச்சத்தில் துள்ளுகிறது. கண்ணாடி போன்ற உடம்புக்குள் இதயம் படபடக்கிறது. முதுகுப்பக்கம் நாலு முட்டை. "அண்ணே, இங்க வந்து பாருங்க." அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிகிறார். "மீன்குஞ்சுக்குத் தீனியில்ல இது? இத்தனை வருஷம் எங்க கெடந்துச்சு?" "சேத்துக்குள்ள, முட்டையா. தண்ணி தெளியற வரைக்கும் அப்படியே கெடக்கும்ணே." கேனிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. நோட்டில் பூஜ்யத்தின் மை இன்னும் காயவில்லை. "முந்தாநாள்தான் வலைய எரிச்சேன்," என்கிறார் அவர், கண்ணை எடுக்காமல்.