பொறுப்பேற்க ஆளில்லாத காலை

1979 மார்ச் 21, புதன்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த கோடை மழை தூறலாக இளைத்திருந்தது. மேற்கு மலை மேகத்துக்குள் இருந்தது.

அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் ஞானபாக்கியம் உட்காரவில்லை.

சன்னல்வரை போனாள். கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து, நேராக இருந்த போர்வையை மீண்டும் நேராக்கினாள்.

கடமலைக்குண்டு மாயக்காளுக்கு வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. விட்ட நேரத்தில் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆத்தா நர்சம்மா, இந்தச் சுத்துச் சுத்துறீகளே, பேறுகாலம் எனக்கா ஒங்களுக்கா?"

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். ஞானபாக்கியமும் சிரித்துவைத்தாள்.

எட்டு மணிக்கு வேலைநிறுத்தம். செவிலியர் சங்கக் கிளைக்கு அவளே செயலாளர்.

இரவில் ஒரு வார்டுக்கு இரண்டு செவிலியர் என்பதைச் சட்டமாக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தாயிற்று. தொகுதி எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வியாகவே கேட்டார். ஒருவரே போதும் என்று பதில் வந்தது. வேலையை நிறுத்திக் காட்டினால் அதே கேள்வியை மறுபடி எழுப்பலாம் என்று அவர் சொல்லியனுப்பினார்.

செவிலியர்கள் கூடினார்கள். எட்டு மணி என்று யாரோ சொல்ல, எல்லாரும் ஒப்புக்கொண்டு தீர்மானத் தாளில் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு எதுவும் எட்டு மணிக்குத்தான் தொடங்கும்.

இரவுப் பணி முடிவதும் அதே எட்டு மணிக்குத்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பகல் செவிலியர் வந்து பொறுப்பேற்காமல் இரவுச் செவிலியர் வார்டைவிட்டு இறங்கக் கூடாது. பகல் செவிலியர் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டால், இரவுச் செவிலியர் உள்ளேயே அகப்பட்டுக்கொள்வாள்.

பணிப் பட்டியலில் அந்த இரவு சொர்ணலதாவுடையது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பெண். எட்டு மணிக்கு மேல் நின்றால், சங்கத்தைக் காட்டிக்கொடுத்தவள். இறங்கினால், நோயாளிகளைக் கைவிட்டவள், வேலை போய்விடும்.

ஞானபாக்கியம் இதைக் கவனித்தது நேற்று மாலை. தலைமை மருத்துவர் சங்கரலிங்கம் அதற்கும் முன்பே கவனித்திருந்தார்.

ஏழு ஐம்பதுக்கு அவர் குடையை மடக்கியபடி அவசரமில்லாமல் உள்ளே வந்தார். வார்டில் ஒரு செவிலியர் வேலை பார்த்தாலும் போதும், வேலைநிறுத்தம் நடைபெறவில்லை என்று மேலிடத்துக்குத் தந்தி கொடுத்துவிடலாம். அதை வாய்விட்டே சொன்னார். பாவம் அந்தச் சின்னப் பெண் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பிறகு சன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். நனைந்த குடைகளின் கீழ் செவிலியர்கள் நின்றிருந்தார்கள். முன்வரிசையில் சொர்ணலதா.

"அது அங்கன நிக்குது. அப்ப ராத்திரி வார்டைப் பாத்தது யாரு சிஸ்டர்?"

"நான்தான் சார். நேத்துப் பகலும் நான்தான்."

அவர் அவளை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். வெள்ளைச் சேலையின் கொசுவம் கசங்கியிருந்தது. கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

அப்படியானால் வேலைநிறுத்தத்தைச் செயலாளரே உடைக்கிறார் என்று எழுதலாமா என்று கேட்டார். குரலில் முன்பிருந்த நிதானம் இல்லை.

"எழுதுங்க சார். ஒரே நர்சு நேத்துக் காலையிலருந்து நிக்கிறா, பொறுப்பு வாங்க ஆள் வார வரைக்கும் நிப்பான்னும் எழுதுங்க. ஒருத்தரே போதும்னு சொன்னாகள்ல? எம்புட்டு நேரத்துக்குப் போதும்னு எம்.எல்.ஏ. சட்டசபையில கேக்கட்டும்."

சங்கரலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடிகாரம் எட்டு அடித்து முடிப்பதற்குள் மாயக்காள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். இம்முறை வலி விடவில்லை.

எல்லாரும் கையெழுத்திட்ட வேலைநிறுத்தத் தீர்மானத் தாளை ஞானபாக்கியம் மருத்துவரின் கையில் திணித்தாள். அவளுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.