994-ஆவது தடவை

காலை 11.20. ஆயிரத்தில் 994. பவர்கட் பிளக்கைப் பிடுங்கினாள்.

பவர்கட் என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். வேலை அப்படி. கம்ப்யூட்டரில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் மென்பொருளை அந்த நிறுவனம் தயாரித்தது. புதிய பதிப்பு வெளியே போகும் முன், கோப்புகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்டைத் துண்டிக்க வேண்டும். மறுபடி இயக்கி, முன்பு பத்திரமாக இருந்தவை இப்போதும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆயிரம் தடவை. ஒன்பது நாள் வேலை.

993 வரை எல்லாம் சரி. 994-இல் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு ஸ்கேன் படம் சிக்கியது. பெயர் சரி, அளவு சரி, தேதி சரி. திறந்தால் உள்ளே வெறும் பூஜ்ஜியங்கள்.

அன்று மார்ச் 6, வெள்ளி. திங்கட்கிழமை இந்தப் பதிப்பு ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மீதி ஆறையும் முடித்துவிட்டு, மூன்று மணிக்கு அறிக்கையை டைரக்டர் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் சோதனைப் பிரிவின் தலைவர். அவருக்குக் கடுகு என்று பெயர். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிப்பவர்.

"ஆயிரத்துக்கு ஒண்ணுதானே?" டைரக்டர் பேனா மூடியைக் கழற்றினார். "தெரிந்த குறை ஒன்றுன்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டுடறேன். திங்கட்கிழமை போகட்டும். ஒப்பந்தம் அதுக்கு இடம் கொடுக்குது."

"ஆஸ்பத்திரி சார் அது. அந்த ஒண்ணு யாரோட ஸ்கேனோ..."

"நீ வாயை மூடு!" கடுகு வெடித்தார். பேனாவுக்கு அடியிலிருந்து அறிக்கையை உருவினார். "இது ஒரு சோதனையா? கேபிள் லொடலொடன்னு ஆடுது. இந்த ஆயிரமும் செல்லாது. ஒண்ணுல இருந்து ஆரம்பி!"

"கேபிள் நல்லாத்தான் சார் இருக்கு. தினமும் நான்..."

"எதிர்த்துப் பேசாதே. பிளக்கை ஒழுங்காப் பிடுங்கத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த வேலை? வீட்டுல மிக்ஸி பிளக்கைப் பிடுங்கிட்டு உட்கார்ந்திரு!"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருபது தலைகள் திரும்பின. அறிக்கை நாலாகக் கிழிந்து குப்பைக்கூடையில் விழுந்தது.

"என்னய்யா இது! மறுபடி ஒன்பது நாளா? ஆஸ்பத்திரிக்கு நான் என்ன பதில் சொல்றது?" டைரக்டரும் கத்தினார்.

"சோதனை முடியலன்னு சொல்லுங்க. முடியாததை அனுப்ப ஒப்பந்தத்துல உங்களுக்கே அதிகாரம் இல்ல. எனக்கு வந்து வாய்ச்சது இப்படி. நான் என்ன பண்ண?"

அன்று வீட்டில் பவர்கட் சாப்பிடவில்லை.

"விடாதே," என்றான் கணவன். "எழுதிக் கொடு. இன்னிக்கு உன்னைச் சொன்னவன் நாளைக்கு இன்னொருத்தியைச் சொல்வான்."

எழுதினாள். மிக்ஸியைக்கூட விடவில்லை. திங்கட்கிழமை காலை நிர்வாகப் பிரிவில் கொடுத்துவிட்டு, புது மெஷினில் புது கேபிளை மாட்டி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் கடுகின் காதைப் பிடித்து இழுப்பதாக நினைத்துக்கொண்டு பிடுங்கினாள்.

388-இல் மறுபடி பூஜ்ஜியங்கள்.

நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். "புது கேபிள், புது மெஷின். இப்ப யார் மேல பழி போடப் போறீங்க சார்?"

கடுகு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆயிரம் முடியாம என் மூஞ்சியில முழிக்காதே. போ!"

மார்ச் 19, வியாழன். ஆயிரமும் முடிந்து அவள் அறிக்கையோடு போனபோது கடுகின் நாற்காலி காலியாக இருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். சக ஊழியரை இழிவாகப் பேசியதற்காக அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆதாரம், எழுத்துமூலப் புகார்.

"நல்லா வேணும்," என்றாள் சத்தமாக.

பின்னால் நின்ற புரோகிராமர் ஒரு டிஸ்க்கை நீட்டினார். மேலே அவள் கையெழுத்திலேயே '994' என்று ஒட்டியிருந்தது.

"இது எப்படி அண்ணா உங்ககிட்ட?"

"அன்னிக்குச் சாயங்காலமே கடுகு சார் என் மேஜையில வெச்சார். 'அந்தப் பொண்ணு பார்த்தா தப்பா இருக்காது. கையெழுத்துப் போட விடாம ஒன்பது நாள் வாங்கியிருக்கேன். அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடி'ன்னார். நேத்துக் கண்டுபிடிச்சுத் திருத்திட்டேன். திருத்தினது கையில இருக்கும்போது பழசை அனுப்ப டைரக்டருக்கே தைரியம் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நானும் கேட்டேன். 'அவளுக்கு நடிக்கத் தெரியாது. அவ நிஜமாக் கொதிச்சாத்தான் டைரக்டர் நம்புவார்'ன்னார்." புரோகிராமர் தாளைப் பார்த்தார். "தாமதத்துக்காக அவரைத் தூக்க முடியாம டைரக்டர் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தார். ஒப்பந்தம் சார் பக்கம். வேற ஒரு காரணம் வேண்டியிருந்தது."

பவர்கட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு மெஷினுக்குப் போனாள். திருத்திய பதிப்பை ஏற்றி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை யாருடைய காதையும் நினைக்கவில்லை.

ஏப்ரல் 2-ஆம் தேதி அந்தப் பதிப்பு மருத்துவமனைக்குப் போனது. ஆயிரம் தடவையில் ஒரு கோப்புகூடப் பாழாகவில்லை. புகாரைத் திரும்பப் பெறுவதாகப் பவர்கட் கொடுத்த கடிதத்தை, 'தாமதமாக வந்தது' என்று குறித்து நிர்வாகம் அன்றே திருப்பி அனுப்பியது.