பத்து முழத்துக்கு எத்தனை

தன் கிணற்றில், கவலை எருதுகள் தண்ணீர்ச் சால் இழுத்துக்கொண்டு இறங்கும் சரிவான வாரியின் தலைப்பில் காளியண்ணன் முளை அடித்தார். பத்து முழக் கயிற்றை அதில் கட்டினார்.

“எதுக்குங் மாமா இந்த வேலை? உங்க வாரி ஆறு முழம் எறங்குது, அடுத்த கெணத்து மாரக்காளோடது ஏழு. அதுதானுங்களே செங்குத்து?”

பக்கத்துக் காட்டு அருணகிரி மேட்டூர் அணை வேலையில் துரைக்கு அளவுச் சங்கிலி பிடித்தவன். அன்று முதல் வாயைத் திறந்தால் அளவுதான்.

படித்தவன் பேச்சையே நம்பாதவர் காளியண்ணன். சங்கிலி பிடித்தவன் பேச்சையா நம்புவார்?

ஊனக் காலை இழுத்துக்கொண்டு வாரியில் இறங்கினார். கயிற்றை மட்டமாகப் பிடித்து, அதன் முனையிலிருந்து தரைவரை கையால் முழம் போட்டார்.

மூன்று முழம்.

அருணகிரி பின்னாலேயே வர, அதே கயிற்றோடு மாரக்காளின் கிணற்றுக்குப் போனார். அவள் வாரி நீளம். அங்கேயும் பத்து முழம்தான் பிடித்தார்.

இரண்டு முழம்.

“மொத்தமா எறங்குறத எண்ணாதடா. பத்து முழத்துக்கு எத்தனைன்னு பாரு. இதுதான் சாய்வு கம்மி.”

இறங்கும்போது உடம்புப் பாரமே பாதி இழுத்துவிடும். பிறகு வெறும் சாலோடு பின்பக்கமாகவே ஏற வேண்டும். உயிரை வாங்குவது அந்த ஏற்றம்தான்.

மாரக்காள் தன் கிணற்றில் இறைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஆனால் பாதித் தண்ணீர் அவள் காட்டுக்கு.

ராகி பால் பிடிக்கிற சமயம். பாதித் தண்ணீர் என்றால் பாதிக் காடு சருகு. மழை ஏமாற்றிய அந்த வருஷத்தில் வீட்டுக் கஞ்சிக்கு அதைவிட்டால் வேறு கிடையாது.

“ஒரு முழத்துக்கோசரம் பாதித் தண்ணிய உடறீங்களா?” அருணகிரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எருதுக்கு ஒரு முழம் தெரியுமாக்கும்!”

“தெரியாது.”

“ஆமா, செத்த மயிலை எருதுக்கு எணை எந்தச் சந்தையில புடிச்சீங்க? கண்ணுலயே காட்டலியே?”

காளியண்ணன் கயிற்றைச் சுருட்டினார். இவனுக்குப் பதில் சொன்னால் பொழுதுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

அவன் வரப்பேறி மறையும்வரை காத்திருந்தார். பிறகு வடத்தைப் பூட்டினார்.

நுகத்தடியின் இடப்பக்கம் செவலை எருது நின்றது.

வலப்பக்கம் நல்லம்மாள் வந்து நின்றாள். அவருக்கு வாக்கப்பட்டு முப்பது வருஷம். பழஞ்சேலையைச் சும்மாடாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, நுகத்துக்குக் குனிந்தாள்.

“பின்னால ஏறயில மட்டும் அவசரப்படுத்தாதீங்க.”

அவர் எருதை ஓட்டும் சத்தத்தைப் போட்டார். அவளுக்கென்று வேறு சத்தம் அவரிடம் இல்லை.

இரண்டும் இறங்கின.