போன சாவி வந்த கதை

சமயபுரத்து லாட்ஜ் ஒன்றின் மின்னணுப் பூட்டுகளைத் திறக்கும் ரகசிய எழுத்துச் சாவியை, பூட்டு நிறுவனத்தின் தில்லைநகர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே மலர்க்கொடி அழித்துவிட்டாள். இன்னொரு லாட்ஜுக்கென்று கணினியில் கட்டளை தட்டிப் புதுச் சாவி உருவாக்கியவள், கோப்புக்குப் பழைய பெயரையே கொடுத்துத் தொலைத்தாள். பழையதன் மேல் புதியது ஏறி உட்கார்ந்துகொண்டது. நகலும் கிடையாது.

“பால்குடம் எடுத்துட்டு வந்தவங்க ஈரத்துணியோட நிக்கிறாங்கம்மா, ஒரு கதவும் திறக்கல,” என்று லாட்ஜ் மேனேஜர் போனில் அலறினார்.

“இனிமே அந்தச் சாவி வராதுக்கா, ஒவ்வொரு தடவையும் வேற சாவிதான் உருவாகும்,” என்றான் பக்கத்து இருக்கை சித்தார்த்தன். “காவிரியில போட்ட ஒரு மணல்துகளை மறுபடி கைவிட்டு எடுக்க முடியுமா?”

வேறு வழி தெரியாமல், புதுச் சாவியையே சமயபுரத்துப் பூட்டுகளில் பதிந்திருந்த குறியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. நம்பாமலே அதைக்கொண்டு திறக்கும் உத்தரவை அனுப்பினாள். கதவுகள் திறக்கிற சத்தமும் பெண்களின் குலவையும் போனில் ஒன்றாகக் கேட்டன. மேனேஜர் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சித்தார்த்தன் ஓடிப்போய் வடையும் காபியும் வாங்கி வந்தான். அதற்குள் அவள் ஆசைக்கு இன்னொரு சாவி உருவாக்கிப் பார்த்தாள். அதுவும் அதே சாவி.

“எங்க, இன்னொரு தடவை செய்யுங்கக்கா, பார்ப்போம்,” என்றான்.

திரையில் கட்டளை தானாக ஓடி, அதே சாவி வந்து நின்றது. அவளுடைய ஒரு கையில் வடை இருந்தது, இன்னொரு கையில் காபி.