சர்தார் பாஷாவை நீக்கிய செவ்வாய்க்கிழமை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கிளார்க்கான இன்பசேகரன், 2004இல் ஊர்க்காரர்களுக்காக இணையத்தில் ஓர் அரட்டை மன்றம் நடத்திவந்தான். பேச்சு சோர்ந்தால் கிளறிவிடுவதற்கென்றே பேரணாம்பட்டு சர்தார் பாஷா என்றொரு கற்பனை உறுப்பினரை வைத்திருந்தான். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் எதற்கு என்று பாஷா பெயரில் ஒரு வரி போட்டால் போதும், துபாயில் இருக்கும் ஊர்க்காரர்கள்வரை கொதிப்பார்கள்.

ஒருமுறை சண்டை முற்றி ஆட்கள் விலகத் தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் பாஷாவை மன்றத்திலிருந்து நீக்கினான்.

வியாழக்கிழமை பில்கிஸ் என்ற புதிய உறுப்பினர் எழுதினார்: "என் வீட்டுக்காரர் சர்தார் பாஷா செவ்வாக்கிழமை மத்தியானம் போனவரு, இன்னும் வரல. இடது கால இழுத்து நடப்பாரு. யாராவது பாத்தீங்களா?"

எவனோ விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் பாஷா இடது காலை இழுத்து நடப்பவன் என்பதை அவன் மனதுக்குள் மட்டுமே வைத்திருந்தான், எங்கும் எழுதியதில்லை. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பெட்டிகளில் லேபிளை மாற்றி மாற்றி ஒட்டினான்.

சனிக்கிழமை காலை பாஷாவைத் திரும்பச் சேர்த்தான். பத்தே நிமிடத்தில் பில்கிஸ் எழுதினார்:

"வந்துட்டாரு சார். ஆனா ஒரு வார்த்த பேசல. என் மூஞ்சியையே பாத்துனு குந்தினு இருக்காரு. நீங்க அவரு பேர்ல ஏதாச்சும் எழுதுங்க சார்."