அனுமதிப் பட்டியல்

செல்வினின் காதுக்குள் இருந்த கருவியில், தூத்துக்குடியில் எல்லார் காதிலும் ஓடும் அதே இயங்குதளம்தான் ஓடியது. வெளிச் சத்தமும் விளம்பரங்களும் அதன் வழியாகத்தான் வந்தன. போன மாதத்திலிருந்து ஒரு தைலக் கம்பெனி, இறந்துபோன அவன் அம்மாவின் குரலில் கூப்பிட ஆரம்பித்தது.

"ஏய்யா செல்வின், முட்டு வலிக்கா?"

ஒவ்வொரு தடவையும் அவன் "என்னம்மா?" என்று எழுந்து நின்றான்.

மனைவி கிரேசிக்குப் பொறுக்கவில்லை. கப்பல் கம்பெனியில் பதினைந்து வருடமாக, கம்ப்யூட்டர்களுக்குள் வேண்டாதது நுழையாமல் தடுக்கும் ஃபயர்வாலைப் பார்ப்பவள் அவள். தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகப் பகிர்ந்த ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வால் ஒன்றை அவன் கருவியில் சேர்த்தாள். வேலையில் செய்வதைப் போலவே முதலில் எல்லாச் சத்தத்தையும் அடைத்தாள். பிறகு வேண்டியவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள்: மகள் ஜெர்லின், மீன்காரி, பங்குச் சாமியார், பஸ் ஹாரன்கூட. தைலக் கம்பெனிக்காரர்கள் உடைத்துவிடாதபடி, அந்தக் காதுக்குள் தன் குரல் ஒலித்தால்தான் அந்த அனுமதிப் பட்டியல் மறுபடி திறக்கும் என்று பூட்டினாள்.

அலுவலகப் பட்டியல் எதிலும் அவள் தன் பெயரை எழுதியதில்லை. இதிலும் எழுதவில்லை.

மறுநாள் காலை செல்வின், அவளுக்கு முதுகைக் காட்டிச் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டான்: "ஏ கிரேசி, எம்மேல கோவமா? ஒரு வார்த்தை பேச மாட்டேங்க?"

"அம்மா கத்திக்கிட்டுதான் இருக்காவ, அப்பா," என்றாள் ஜெர்லின்.

அவன் திரும்பி, அசையும் கிரேசியின் உதடுகளை வெகுநேரம் பார்த்தான்.

"எங்கம்மாவும் கூப்பிட மாட்டேங்கா," என்றான். "இப்ப நீயுமா?"