முந்திய தந்தி ரத்து

றபீக்காவின் தம்பி அதாவுல்லா இங்கிலீசுத் தந்தியை இரண்டு தடவை வாசித்தான். பிறகு சிரித்தான், அழுதான், மறுபடியும் வாசித்தான்.

"ராத்தா, மச்சான் சாகல்ல, ஹயாத்தோட இருக்காரு! பேர் மாறி அடிச்சிட்டாங்களாம். முந்தின தந்தி ரத்தாம், தவறுக்கு வருந்துறாங்களாம்."

கணவனை இழந்தவளாகத் தனித்து இத்தா இருந்த அறைக்குள் வெள்ளைச் சேலையோடு றபீக்கா அசையாமல் நின்றாள்.

எட்டு நாளைக்கு முன், அவள் கணவன் காலிதீன் நோயாகக் கிடந்த அதே கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்துதான் முதல் தந்தி வந்தது. அவர் மவுத்து, அடக்கமும் முடிந்தது என்றது. இறந்தவருக்கான கத்தம் ஓதி ஊருக்கே சோறும் போட்டாயிற்று.

இப்போது ஒற்றை வரியில் மய்யித்து எழுந்து உட்கார்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருடமாகியும் அவன் பாஷைக்கு என்ன அதிகாரம்!

சந்தோஷம்தான். அல்லாஹ் அறிய, சந்தோஷம்தான். கூடவே கோபமும் வந்தது. யார்மேல் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் கத்தத்தில் பள்ளிவாசல் லெப்பை திரைக்கு வெளியே நின்று, மய்யித்தை மன்னித்துவிடு பிள்ளை, கபுறுக் குழியிலாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றார். ஊரே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மன்னித்தேன் என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காலிதீன் மூன்று வருடமாகக் கொழும்பிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். அவள் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. மகள் நபீலா காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதவர் அவர். பிள்ளையை அடக்கிய அன்று, உயிரோடு இருக்கும்வரை உங்களை மன்னிக்கமாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்னபடியேதான் நின்றாள். செத்தவரைத்தான் மன்னித்தாள்.

"தம்பி, நான் சொன்ன சொல்லையும் ரத்தாக்கி ஒரு தந்தி அடிக்க ஏலுமா?"

கல்முனைக் கந்தோரில் கிளாக்கர் வேலை பார்ப்பவனுக்குத் தெரியாத இங்கிலீசா? அதாவுல்லா தந்தியைத் திருப்பி எழுத்தில்லாத பக்கத்தைப் பார்த்தான்.

அதற்குள் வேலியோரம் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ ஒருத்தி ஓடிவந்து அவள் வாயில் சீனியைப் போட்டாள். விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் றபீக்கா அதை நாக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வாறாராம்?" வேலியோரத்திலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நாளைக்கு," என்றான் அதாவுல்லா, தந்தியைப் பார்த்து.

நபீலாவை எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று அவள் மூன்று நாளாகக் கெஞ்சியபோதும் அவர் இதே சொல்லைத்தான் சொன்னார்.